புது ராமென் கடையில் முதல் கிண்ணம்

பர்மா பஜார் பக்கம் பர்மிய நூடுல்ஸ் வகைகளான அத்தோவும் மொய்ங்காவும் சாப்பிட்டு வளர்ந்த வடசென்னை நாக்குக்கு நூடுல்ஸ் புதுசு இல்லை. ஆனால் அத்தோவில் நூடுல்ஸ்தான் முக்கியம், வாழைத்தண்டு சூப் தொட்டுக்கொள்ள. ஜப்பானிய சூப் நூடுல்ஸான ராமெனில் அது தலைகீழ். ஏரியாவில் புதுசாக ராமென் கடை திறந்தால், சூப்பை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

மெனுவில் ஷோயு, ஷியோ, மிசோ என்று இருப்பது தாரேயின் பெயர். கிண்ணத்தின் அடியில் 30 மில்லி அளவுக்கு ஊற்றும் உப்புச் சாறு அது. மேலே 300 மில்லி போல எலும்புச் சூப் விழும். ஷோயு என்றால் சோயா சாஸ், ஷியோ உப்பு, மிசோ புளிக்க வைத்த சோயா விழுது. டொன்கொட்சு மட்டும் தாரே இல்லை. பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கக் கொதிக்க விட்டு, கொழுப்பு கரைந்து பால் போல வெளுத்த சூப். முதல் தடவை ஷோயு வாங்குங்கள். காரமான மிசோவில் சூப்பின் குறை மறைந்துவிடும், ஷோயுவில் மறையாது.

ஆர்டருக்கு முன்னால் கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். மேலே வைக்கும் சாஷு வழக்கமாகப் பன்றி இறைச்சி. சிக்கன் ராமென் என்று போட்டிருந்தாலும் மேலே ஊற்றும் எண்ணெய் பன்றிக் கொழுப்பாக இருக்கலாம். வெஜ் என்று எழுதியிருந்தால், “சூப்பில் கருவாட்டுச் சீவல் போடுறீங்களா?” என்று கேளுங்கள்; தாஷி என்ற ஜப்பானிய அடிப்படைச் சாறில் கட்சுவோ என்ற மீன் சீவல் சேர்ப்பது சகஜம். ஹலால் பார்ப்பவர்கள் தாரேயில் மிரினும் சாகேயும் உண்டா என்று விசாரிக்க வேண்டும், இரண்டிலும் ஆல்கஹால் இருக்கும்.

கிண்ணம் வந்ததும் ஒரே ஒரு போட்டோ, அவ்வளவுதான். சூடான சூப்பில் நூடுல்ஸ் வெந்துகொண்டே இருக்கும். மாவில் கான்சுய் என்ற ஆல்கலைன் நீர் சேர்ப்பதால்தான் அந்த மஞ்சள் நிறமும் துள்ளலும். பத்து நிமிஷம் விட்டால் அந்தத் துள்ளல் போய் ஊறிக் கொழகொழத்துவிடும். கூட வந்தவருக்கு இன்னும் வரவில்லையே என்று காத்திருக்காதீர்கள். இங்கே அது மரியாதைக் குறைவு ஆகாது.

முதல் இரண்டு ஸ்பூன் வெறும் சூப். குடித்துவிட்டு உதட்டோடு உதட்டை ஒட்டிப் பாருங்கள். ஆட்டுக்கால் பாயா குடித்தால் உதடு பிசின் போல ஒட்டுமே, அதே ஒட்டல் இருந்தால் எலும்பு நன்றாக வெந்து ஜெலட்டின் இறங்கியிருக்கிறது. டொன்கொட்சு கேட்டு வாங்கியும் அந்த ஒட்டல் இல்லாமல், நாக்கில் வெறும் மாவுத்தன்மை படிந்தால், சோளமாவு கரைத்த கெட்டி. ஷோயு, ஷியோ தெளிவாக இருப்பதே இயல்பு. அவற்றில் லேசான ஒட்டல் போதும்.

பிறகு நாலைந்து இழை மட்டும் தூக்கி, சத்தமாகவே உறிஞ்சுங்கள். காற்றோடு உறிஞ்சினால் சூடு குறையும், வாசனை மூக்குக்கு ஏறும். குச்சி பிடிக்க வராவிட்டால் ஃபோர்க் கேளுங்கள், குறை ஒன்றும் இல்லை. நோரி என்ற கடற்பாசித் தாளை அது கரைவதற்குள் முதலிலேயே தின்றுவிட வேண்டும். முட்டையைப் பிளந்தால் மஞ்சள்கரு ஜாம் போல வழியாமல் நிற்க வேண்டும். கொதிநீரில் ஆறரை நிமிஷம் வேகவைத்து, சோயாவில் ஊறவைத்தால் அப்படி வரும். கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால் அதிகம் வெந்துவிட்டது. மிளகாய் எண்ணெயைப் பாதிக் கிண்ணம் முடிந்த பிறகு விடுங்கள்.

சூப்பில் உப்பு ரொம்ப அதிகம். பிரஷர் உள்ளவர்கள் மிச்சம் வைப்பதுதான் சரி.

பார்சல் என்றால் சூப் தனி, நூடுல்ஸ் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். ஒன்றாகக் கட்டினால் மிண்ட் சிக்னலைத் தாண்டுவதற்குள் சூப்பை நூடுல்ஸ் குடித்துவிடும். நூடுல்ஸைக் கொஞ்சம் குறைவாக வேகவைக்கச் சொன்னால் இன்னும் நல்லது. வீட்டில் சூப்பைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, நூடுல்ஸை வேறு பாத்திரத்துக் கொதிநீரில் 20 விநாடி முக்கி, நீரை நன்றாக உதறிவிட்டுப் போடுங்கள். உதறாமல் போட்டால் சூப் நீர்த்துவிடும்.