ஒழுக்கவியலும் ஊரும்: வன்னியில் ஒரு பாட அலகுக்கு நிதி திரட்டும் வழி

நிதி கோரும் விண்ணப்பத்தை எழுதத் தொடங்குமுன், கேட்கப்போகும் பணம் ஒரு நிகழ்ச்சிக்கா அல்லது பாடத்திட்டத்துக்குள் நிற்கும் ஒரு பாட அலகுக்கா என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஒழுக்கவியல், தலைமைத்துவம், சமூக ஈடுபாடு ஆகிய மூன்று சொற்களையும் தலைப்பில் வைத்து இருநாள் பயிற்சிப்பட்டறை நடத்தப் பணம் பெறுவது அவ்வளவு கடினமன்று. மண்டபம், பதாகை, சான்றிதழ், மதிய உணவு என்று அந்தப் பணம் அந்த இரண்டு நாளிலேயே கரைந்தும் போகும். பாட அலகோ, விரிவுரையாளர் மாறினாலும் அடுத்த தொகுதி மாணவருக்காகக் காத்திருக்கும். இலங்கையின் வடக்கேயுள்ள வன்னிப் பகுதியில், 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலோ, வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியிலோ கற்பிப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

பணம் கேட்பதற்கான நியாயத்தை எங்கிருந்து தொடங்குவது என்று பலர் தடுமாறுகிறார்கள். அது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. உயர்கல்வித் தகைமைகளின் மட்டங்களை வரையறுக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகம் வகுத்துள்ள 12 வகைக் கற்றல் பேறுகளில் குழுவேலையும் தலைமைத்துவமும் ஒரு வகை. மனப்பாங்கு, விழுமியம், தொழில்சார் பண்பு ஆகியன சேர்ந்து இன்னொரு வகை. சமூகத் திறன்களுக்கும் அங்கே இடமுண்டு. ஆகவே நீங்கள் கேட்பது அலங்காரச் செலவன்று, நிறுவனம் தானே ஏற்றுக்கொண்ட கடமையை நிறைவேற்றுவதற்கான செலவு என்று முதற்பக்கத்திலேயே எழுதலாம். இது வெளிநாட்டிலிருந்து வந்த புதுமோகம் என்று யாராவது முணுமுணுத்தால், 1958 இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரை ஒரு பின்தங்கிய கிராமத்துக்குச் சிரமதானம் எனும் கூட்டு உழைப்புக்கு அழைத்துச் சென்றதிலிருந்தே சர்வோதய இயக்கம் வளர்ந்தது என்பதை நினைவூட்டினால் போதும்.

அடுத்து மணிக்கணக்கு. அதே சட்டகப்படி ஒரு கிரெடிட் என்பது 50 கற்றல் மணித்தியாலம். மூன்று கிரெடிட் அலகென்றால் 150. இதில் 30 மணித்தியாலத்தை வகுப்பறைக்கும், 80 ஐ ஊருக்கும், மீதி 40 ஐ வாசிப்புக்கும் எழுத்துக்கும் ஒதுக்கினால், பணம் எங்கே போகும் என்பது வரவுசெலவுத் திட்டம் போடாமலே தெரிந்துவிடும். ஊருக்கான மணித்தியாலங்களை முப்பதாகக் குறைத்து, பெயருக்கு ஒரு களப்பயணம் வைத்திருக்கும் விண்ணப்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கு நிதி கிடைத்தாலும் பயனில்லை.

ஊரிடம் எப்போது போவது? நிதி கிடைத்த பிறகு என்பதே வழமை. அதுவே பெரிய பிழை. எங்கள் முதல் முயற்சியில், பணம் வந்து சேர்ந்த கையோடு முல்லைத்தீவு மாவட்டக் கிராமமொன்றின் பொதுநோக்கு மண்டபத்துக்கு முப்பது மாணவரோடு போய் இறங்கினோம். மாசி மாதம், காலபோக நெல் அறுவடையான வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஊரெல்லாம் வயலில் நிற்க, மண்டபத்தில் எங்களுக்காக இருந்தவர்கள் நான்கு பேர். அவர்களில் ஓர் அம்மா, மாணவி நீட்டிய வினாக்கொத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “உது எத்தினையாவது போம் பிள்ளை? போன முறை நிரப்பிக் கொண்டுபோன ஆக்கள் பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை” என்றார். அந்த மாணவியிடம் பதில் இருக்கவில்லை, எனக்கும் இருக்கவில்லை. 2009 இல் போர் முடிந்த பின் வன்னிக் கிராமங்கள் நிரப்பிக் கொடுத்த படிவங்களுக்குக் கணக்கில்லை என்பதை அறிந்தும், எங்கள் திட்டத்தில் திரும்பி வருவதற்கென ஒரு ரூபாவும் ஒதுக்கியிருக்கவில்லை.

எனவே விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்னரே கிராம அலுவலரையும், கிராம அபிவிருத்திச் சங்கத்தையும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும், கமக்காரர் அமைப்பையும் தனித்தனியே சந்தியுங்கள். ஒரே கூட்டத்தில் எல்லாரையும் இருத்தினால் பேசுபவர் மட்டுமே பேசுவார். அவர்கள் தெரிவு செய்யும் பிரச்சினையையே பாடத்தின் பொருளாக்குங்கள். வாய்க்கால் நீர்ப்பங்கீடு, மணல் அகழ்வு, நுண்கடன் எதுவானாலும் அதற்குள் ஒழுக்கவியல் வினாக்கள் தாமாகவே இருக்கும். வியாபாரக் கற்கைகள் படிக்கும் ஒரு மாணவர், கிழமைக்குக் கிழமை தவணைப்பணம் கட்டும் ஒரு பெண்ணின் கொப்பியில் உண்மையான வட்டி வீதத்தைக் கணித்துப் பார்க்கும்போது கற்பது, பாடநூலின் எந்த அத்தியாயத்திலும் கிடைப்பதில்லை. அந்தச் சங்கங்களின் இணக்கத்தைக் கடிதமாகப் பெற்று விண்ணப்பத்தோடு இணையுங்கள். இப்படித் தவணை கட்டும் பெண்களின் விவரங்கள் அறிக்கையில் வரப்போகின்றன என்றால், உங்கள் நிறுவனத்தின் ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவின் அனுமதியையும் முன்கூட்டியே பெறுங்கள்.

வரவுசெலவுத் திட்டம் எழுதும்போது நான் பின்பற்றும் அளவுகோல் ஒன்றுதான்: நூறு ரூபாவில் நாற்பதாவது ஊருக்குள்ளேயே செலவாக வேண்டும். மதியச் சாப்பாட்டை நகரத்துக் கடையில் பொதி கட்டி ஏற்றிச் செல்லாமல், மாதர் சங்கத்திடம் சமைக்கக் கொடுக்கலாம். ஊரில் ஒருவரை இணைப்பாளராக அமர்த்தி, அவருக்கு மாதக் கொடுப்பனவு ஒதுக்கலாம். மாணவருக்குக் கற்பிக்கும் கமக்காரருக்கு வருகைதரு விரிவுரையாளருக்குரிய மரியாதையோடு கொடுப்பனவு வழங்கலாம். வன்னி வளாகங்களில் சிங்கள மாணவரும் கணிசமாகப் படிப்பதால், மொழிபெயர்ப்புக்கும் ஒரு வரி வேண்டும். அதை நண்பர்களின் தலையில் கட்டினால், தமிழ் மாணவர் மொழிபெயர்ப்பாளராகவும் மற்றவர் பார்வையாளராகவும் ஆகிவிடுகிறார்கள். பஸ் வாடகை, மேற்பார்வை, அச்சுச்செலவு ஆகியவற்றை வழமைபோல் எழுதலாம். அறிக்கை முடிந்த பின் ஊருக்குத் திரும்பிச் செல்லும் இரண்டு பயணங்களுக்குத் தனி வரி இருக்கட்டும். நிதி வெட்டப்பட்டால் கடைசியாகக் கைவைக்க வேண்டிய வரி அது.

சமைத்துத் தந்த பெண்ணிடம் சிட்டை, அதாவது கடைப் பற்றுச்சீட்டு, கேட்க முடியாது, கணக்குப் பிரிவோ சிட்டையின்றி முற்பணத்தைத் தீர்க்காது. அவசரத்தில் தெரிந்த கடையொன்றில் வெற்றுச் சிட்டை வாங்கி நிரப்புவது ஊரறிந்த குறுக்குவழி. ஒழுக்கவியல் பாடத்தின் செலவைப் பொய்ச் சிட்டையில் முடிப்பதைவிடப் பாடத்தை நடத்தாமல் விடலாம். தொடங்குமுன்பே உங்கள் நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பான நிதியாளரிடம் போய், பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், தொகை, கையொப்பம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் ஆகியவை அடங்கிய பற்றுச்சீட்டை ஏற்கும்படி கேட்டு, அந்த இணக்கத்தை எழுத்தில் வாங்குங்கள். கணக்கைப் பேணும் பொறுப்பை மாணவர் குழுவிடமே சுழற்சி முறையில் கொடுங்கள். தலைமைத்துவம் பற்றி நான் ஆற்றிய எந்த விரிவுரையையும்விட, நண்பன் கொண்டுவந்த சிட்டையை ஏற்க மறுத்த மாணவப் பொருளாளரின் அந்த ஒரு பின்னேரம் கூடுதலாகக் கற்பித்தது.

பணம் கிடைக்கும் இடங்கள் பல, ஆனால் ஒவ்வொன்றின் குணமும் வேறு. 2017 இல் உலக வங்கியின் 10 கோடி அமெரிக்க டொலர் நிதியுதவியோடு தொடங்கிய உயர்கல்வி விரிவாக்கத் திட்டம் போன்றவை வரும், போகும். அவற்றை நம்பி அலகை வடிவமைக்க வேண்டாம். றோட்டரியின் உலகளாவிய மானியம் 30,000 டொலருக்குக் குறையாத திட்டங்களுக்கே உரியது. உள்ளூர்க் கழகமொன்றும் வெளிநாட்டுக் கழகமொன்றும் கைகோக்க வேண்டும் என்பதால், பல பீடங்கள் சேர்ந்து கேட்பதற்கே அது பொருந்தும். ஒரு தனி அலகுக்குப் புலம்பெயர்ந்த பழைய மாணவரே நல்ல துணை. பிரித்தானியாவில் வரி செலுத்துபவர் அங்கு பதிவு பெற்ற அறநிலையம் ஊடாகக் கொடுத்தால், கிஃப்ட் எய்ட் முறையில் ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் கூடுதலாகச் சேரும். எந்தப் பணமானாலும் தனிப்பட்டவரின் வங்கிக் கணக்குக்கு வரக்கூடாது. பீடாதிபதி ஊடாகப் பேரவையின் அனுமதி பெற்று, நிறுவனக் கணக்குக்கே வரவேண்டும். தாமதமாகும், ஆனால் பின்னர் எழும் கேள்விகளுக்கு அது ஒன்றே பதில்.

யாரிடம் வாங்கக்கூடாது என்பதையும் முதல் வகுப்பிலேயே மாணவரோடு பேசி முடிவெடுங்கள். நுண்கடன் பற்றிப் படிக்கும் அலகுக்குக் கடன் நிறுவனம் ஒன்று அனுசரணை தர முன்வந்தால், மணல் அகழ்வைப் படிக்கும் குழுவுக்கு மணல் ஏற்றுபவர் பஸ் தந்தால் என்ன செய்வது? இவை வன்னியில் கற்பனைக் கேள்விகள் அல்ல.

காலத்தைப் பொறுத்தவரை, ஐப்பசி முதல் தை வரை மழை, அதன் பின் வெட்டு. ஆகவே களவேலையைச் சித்திரைக்குப் பின் வையுங்கள். சிறுபோகம் எனும் இரண்டாம் நெற்போகம் செய்யும் இரணைமடு, முத்தையன்கட்டுப் போன்ற குளங்களின் கீழுள்ள ஊர்களானால் விதைப்பு நாட்களையும் கேட்டறியுங்கள். அரச நிதியாண்டு திசெம்பர் 31 உடன் முடிவதால், திறைசேரிப் பணம் சேர்ந்திருந்தால் ஐப்பசிக்குள் கொடுப்பனவுகளைத் தீர்த்துவிட வேண்டும்.

இறுதிக் கணக்கை நிதி தந்தவருக்கு அனுப்புவதற்கு ஒரு கிழமை முன்னர், அதே பொதுநோக்கு மண்டபத்தில், மாலை ஐந்து மணிக்குப் பின், மாணவர் அதை வரிவரியாக வாசிக்கட்டும். ஒரு பிரதியைச் சங்கத்தின் கோப்பில் வைத்துவிட்டு வாருங்கள்.