ஹைபிரிட் காரில் சின்னப் பற்றரி மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை எங்கள் கராஜில் புதிதாய்ச் சேர்ந்த பெடியன் ஒரு டொயோட்டா பிரியஸ் ஹைபிரிட் காரின் டிக்கிக்குள் குனிந்து நின்று சிவப்பு வயரை இழுத்துக்கொண்டிருந்தான். "அண்ணை, வயர் எட்டுதில்லை" என்றான். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நானும் இதே பற்றரியில் தவறு செய்தேன். அன்றைக்கு என் கையைப் பிடிக்க யாரும் இருக்கவில்லை.

நெகட்டிவ்வை முதலில் கழற்ற வேண்டும், ஸ்பனர் எங்கும் முட்டக்கூடாது என்பதெல்லாம் எந்தக் காருக்கும் பொதுவானவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெரிய பற்றரியைச் சந்தேகிப்பது

சாதாரண பெற்றோல் காரில் பற்றரி சோர்ந்தால் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும். அதிலேயே விஷயம் தெரிந்துவிடும். பிரியஸிலும் அதே டொயோட்டாவின் அக்குவாவிலும் இரண்டு பற்றரிகள். என்ஜினைச் சுற்றிவிடுவது பெரிய ஹைபிரிட் பற்றரி. சின்ன 12 வோல்ற் பற்றரிக்கு உள்ள வேலை கொம்பியூற்றர்களை எழுப்பி, பெரிய பற்றரியை இணைக்கும் ரிலேக்கள் என்ற மின்சுவிட்சுகளை மூடுவது. அதற்குக் கொஞ்சக் கரண்ட் போதும். அதனால் செத்துக்கொண்டிருக்கும் பற்றரியும் சத்தமில்லாமல் ஓடும். ஒருநாள் காலையில் டாஷ்போர்டில் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒன்றாய் எரியும். ஹைபிரிட் பற்றரி போய்விட்டது, லட்சக்கணக்கில் செலவு என்று சொந்தக்காரர் பயந்துவிடுவார். முதலில் சின்னப் பற்றரியில் வோல்ற் மீற்றரை வையுங்கள். சில மணி நேரம் நிறுத்தி வைத்த காரில் 12.6 வோல்ற் இருந்தால் நல்லது. 12-க்குக் கீழே என்றால் சின்னப் பற்றரியைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசி எழுத்தைப் பார்க்காமல் வாங்குவது

மூன்றாம் தலைமுறைப் பிரியஸுக்கு வேண்டிய பற்றரியின் குறியீடு எஸ்46பி24ஆர், முதல் தலைமுறை அக்குவாவுக்கு எஸ்34பி20ஆர். இதில் 24, 20 என்பவை பற்றரியின் நீளம், சென்றிமீற்றரில். கடைசியில் உள்ள 'ஆர்', பொசிட்டிவ் முனை எந்தப் பக்கம் என்று சொல்கிறது. 'எல்' என்று முடியும் பற்றரியும் அதே அளவுதான், தட்டில் அழகாய் உட்காரும். ஆனால் முனைகள் இடம் மாறியிருக்கும். "எல்லாம் ஒண்டுதான் தம்பி, கொண்டுபோய்ப் பூட்டுங்கோ" என்று சொல்லி விற்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கேட்டாலே எனக்குக் கோபம் வரும்.

நான் அன்று பூட்டியது 'எல்'. டிக்கிக்குள் இருட்டு, வயர்களில் சுற்றிய டேப் கறுத்துக் கிடந்தது. எந்தக் கிளாம்ப் எந்த முனைக்குக் கிட்ட இருந்ததோ அதிலேயே போட்டேன். ஒரு பக்கம் இறங்கவில்லை, ஸ்குரூ டிரைவரால் விரித்தேன். மறுபக்கம் ஆடியது, தகரத் துண்டு செருகினேன். தொட்டதும் ஒரு பொறி, அதோடு கார் செத்துவிட்டது.

எரிந்த மெயின் பியூஸை மாற்றியதும், கார் ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு வந்தது. தப்பித்தேன் என்று நினைத்தேன். ஆனால் மீற்றரில் 12.3, அதுவும் இறங்கிக்கொண்டே போனது. இந்தக் கார்களில் ஆல்டர்னேற்றர் கிடையாது. பெரிய பற்றரியின் மின்சாரத்தைக் குறைத்துச் சின்னதற்குக் கொடுப்பது டிசி-டிசி கன்வேட்டர். பிரியஸில் அது, பெரிய பற்றரியின் மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. கன்வேட்டர் போனதால் முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டி வந்தது. கொழும்புக்குப் போய், பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழையது ஒன்று தேடி வாங்கினோம். என் சம்பளத்தில் ஐந்து மாதம் கழித்தார்கள்.

பழைய பற்றரியைக் கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுங்கள். வெளியே எடுத்ததும் இரண்டையும் ஒரே திசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பொசிட்டிவ் ஒரே பக்கம் இருக்க வேண்டும். இன்னொன்று: இந்த வகையில் பொசிட்டிவ் முனை 14.7 மில்லிமீற்றர், நெகட்டிவ் 13. தடிப்பில் வித்தியாசம் வைத்திருப்பதே மாறிப் போடாமல் இருக்கத்தான். கிளாம்ப் இறங்கவில்லை, அல்லது வயர் எட்டவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். விரிக்காதீர்கள், இழுக்காதீர்கள். ஜம்ப் வயர் மாறிக் கொடுத்தாலும் இதே கதிதான்.

காற்றுக் குழாயைத் தொங்கவிடுவது

மேலே சொன்ன பிரியஸில் சின்னப் பற்றரி டிக்கியில், அக்குவாவில் பின்சீற்றுக்கு அடியில். இரண்டுமே ஆட்கள் மூச்சுவிடும் அறைதான். பற்றரியில் இருந்து வரும் ஹைட்ரஜனை வெளியே கொண்டுபோகத்தான் அந்தச் சின்னக் குழாய். மலிவு என்று சாதாரணத் தண்ணீர்ப் பற்றரியை அங்கே வைத்தால் அசிட் ஆவியும் சேர்ந்து வரும். பக்கத்து வயர் முனைகள் பச்சை பிடித்துப் போவதைப் பல கார்களில் கண்டிருக்கிறேன். அசிட்டைக் கண்ணாடி நார்ப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏ.ஜி.எம். பற்றரி வாங்குங்கள், குழாயையும் திரும்பச் செருகுங்கள்.

டிக்கியை மூடுவது

பற்றரி கழற்றியிருக்கும்போது வேண்டாம். பிரியஸில் அது மின்சாரத்தில்தான் திறக்கும்.

'ரெடி' இல்லாமல் ரேடியோ போடுவது

அப்போது சார்ஜ் ஆகாது.

மீற்றர் வைக்காமல் காரைக் கொடுப்பது

பூட்டிய பிறகு 'ரெடி'யில் போட்டு அளந்து பாருங்கள். கிட்டத்தட்ட 13.8 முதல் 14.4 வோல்ற் வரை காட்ட வேண்டும். அந்தப் பெடியன் 'எல்' பற்றரியைக் கடையில் திருப்பிக் கொடுத்து 'ஆர்' வாங்கி வந்தான். இழுக்காமலே வயர் எட்டியது. மீற்றர் 14.1 காட்டியது.