அறுபதைத் தாண்டிய பெண்களுக்கு வலுப்பயிற்சி: ஒரு நாற்காலி போதும்

குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்த பிறகு அம்மா தனியாகக் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார். எலும்பு தப்பித்தது, பயம் ஒட்டிக்கொண்டது. பயத்தில் நடை குறைய, கால் தளர்ந்தது. கால் தளரத் தளர பயம் கூடியது. அதிலிருந்து அவரை மீட்டது வலுப்பயிற்சிதான். 67 வயதில் தொடங்கினார்.

முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தம், இதயம், மூட்டு, எலும்புத் தேய்மானம் எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

சரி, நாற்காலிக்கு வருவோம். ஆடாத நாற்காலியாகப் பார்த்துச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினால் கால் தடுக்காது. இருக்கையின் முன்பக்கமாக உட்கார்ந்து, பாதங்களைச் சற்றே அகட்டி ஊன்றி, முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டபடி எழுந்திருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணி இறங்குங்கள். எட்டு முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி எட்டு. தொடையில் கை ஊன்றாமல் எழ முடியவில்லையா? ஊன்றியே எழுங்கள். அம்மா மூன்று வாரம் அப்படித்தான் செய்தார். ஒருநாள் எழுந்து நின்றவர் தன் இரண்டு கைகளையும் பார்த்துவிட்டு, "அடியே, கையே வைக்கலடி!" என்று கத்தினார். அன்று மாலை பக்கத்து வீட்டுக்குப் போய் இதையே மூன்று முறை சொன்னார்.

அடுத்து, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, பத்து முறை. அப்புறம் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுவது. சதை வலி இரண்டொரு நாளில் போய்விடும். மூட்டில் சுரீரென்றாலோ, தலை சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

செய்த எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதுங்கள். இதை மட்டும் விடவே விடாதீர்கள். "உனக்கு ஒன்றுமில்லம்மா" என்று நாம் நூறு முறை சொன்னாலும் நம்பாத மனம், போன மாதம் 8, இந்த மாதம் 12 என்று தன் கையெழுத்தில் பார்த்தால் நம்புகிறது. தானே செய்து முடித்த அனுபவம்தான் தன்னம்பிக்கைக்குப் பெரிய ஊற்று என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் எழுதியிருக்கிறார்.

வாரம் இருமுறை போதும். கனடாவின் வான்கூவரில் 65 முதல் 75 வயதுப் பெண்கள் 155 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. வாரம் ஒருமுறையோ இருமுறையோ எடைப் பயிற்சி செய்தவர்களுக்குக் கவனத்தைச் சிதறாமல் நிறுத்தும் திறன் கூடியிருந்தது. மனச்சோர்வின் அறிகுறிகளை வலுப்பயிற்சி குறைக்கிறது என்பதற்கும் நல்ல ஆதாரங்கள் உண்டு. அதற்காக, சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டு மாதம் போனதும், பயத்தில் விட்டுவிட்ட ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா கோயில் படிகளை எடுத்துக்கொண்டார். முதல் தடவை ஒருவர் இரண்டு படி பின்னால் வரட்டும். கையைப் பிடிக்க வேண்டாம், கூட வந்தால் போதும்.