கத்தோலிக்கப் பங்கில் வீடு சந்திப்பும் ஆற்றுப்படுத்தலும்: செய்ய வேண்டிய முறை

1833-ல் பாரிசில் தொடங்கிய காலம் முதல் வின்சென்ட் தே பவுல் சபையாரின் முக்கிய வேலை ஏழைகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது. துன்பப்படுகிறவர்களை மனம்விட்டுப் பேசவைத்து ஆற்றுப்படுத்தும் பணிக்குப் புதிதாக வருகிறவர்களும் அங்கிருந்தே தொடங்கலாம்.

இருவராகப் போங்கள்; ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள், முக்கால் மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். முதல் சந்திப்புக்கு அரிசிப் பையோடு போகவே போகாதீர்கள். பையைப் பார்த்ததும் குடும்பம் நம் மனம் கோணாதபடிதான் பேசும்; குடியும் கடனும் அடியும் வெளியே வராது. உதவி பிறகு, வேறொருவர் கையால் சேரட்டும். அடுப்பே எரியாத வீடென்றால் மட்டும் சோறுதான் முதலில்.

"என்ன பிரச்சினை?" என்று கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். தூக்கம், சாப்பாடு, பிள்ளைகளின் பள்ளி என்று கேட்டுப் பாருங்கள். அடி வாங்கும் பெண்ணிடம் "சிலுவையைச் சுமக்கணும்மா" என்று சொல்வது பெருங்கேடு. அடிப்பவனுக்குக் கோயிலே துணை நின்றதாக ஆகிவிடும். பெண்களுக்கான உதவி எண் 181-ஐக் கொடுங்கள், 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம் என்று சொல்லுங்கள்.

ரகசியம் பெரும்பாலும் கசிவது அன்பியக் கூட்டத்தில்தான், அதாவது அக்கம்பக்கத்துப் பங்குக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் இடத்தில்தான். "இன்னார் குடும்பத்துக்காகச் செபிப்போம்" என்ற ஒரு வரி போதும், தெரு முழுக்கத் தெரிந்துவிடும். குறிப்பேட்டில் பெயருக்குப் பதில் எண் எழுதிப் பூட்டி வையுங்கள். ஆனால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எவரிடமும் சொல்லக்கூடாது என்ற முத்திரை குருவுக்குத்தான், நமக்கு இல்லை. குழந்தைமீது பாலியல் கொடுமை என்று தெரிந்தால், 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். குழந்தைக்கு உதவ 1098 இருக்கிறது.

பல காலமாக நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரைத் தியானத்துக்குக் கூட்டிப்போய், "இன்றோடு நிறுத்துகிறேன்" என்று சத்தியம் வாங்குவது ஆபத்து. திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம், உயிரே போகலாம். முதலில் மருத்துவர், பிறகு ஏஏ (குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம், கூடவே செபம்.

சாக நினைப்பதாகச் சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் உறவினரிடம் ஒப்படைத்து, மனநல உதவி எண் 14416-ல் பேசவைத்து, அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். திரும்பி வந்த மறுநாளே மீண்டும் போய்ப் பாருங்கள்.