சேஞ்ச்-அப்: பிட்சர் எப்படிப் போடுவது, கேட்சர் எப்போது கேட்பது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எந்தப் பள்ளித் திடலில் சாஃப்ட்பால் நடந்தாலும் வேலியோரம் நிற்கும் அப்பாக்கள் வாயில் ஒரே சொல்தான்: "ஸ்பீடு, ஸ்பீடு!" வேகம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரே வேகத்தில் போட்டுக்கொண்டே இருந்தால், இரண்டாவது முறை பேட் பிடிக்க வரும்போதே எதிரணிப் பிள்ளைகளுக்குப் பேட்டை எப்போது வீச வேண்டும் என்பது பிடிபட்டுவிடும். 2012இல் மணிக்கு 124 கி.மீ. வேகத்தில் போட்டு சாதனை படைத்த அமெரிக்கப் பிட்சர் (பந்து போடுகிறவர்) மோனிகா அபோட்டே சேஞ்ச்-அப், அதாவது அதே கைவீச்சில் மெதுவாக வரும் பந்து, போட்டவர்தான். அப்படியிருக்க நம் பிள்ளைகள் எம்மாத்திரம்?

எம்.எஸ்.எஸ்.டி. (மாவட்டப் பள்ளி விளையாட்டு மன்றம்) போட்டிக்குத் தயாராகும் பிட்சர், பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படிப்பதற்காக இதை எழுதுகிறேன். வின்ட்மில் சுற்றில் (கையை முழு வட்டமாகச் சுற்றிப் போடும் முறை) சாதாரண ஃபாஸ்ட்பாலைப் பத்துக்கு ஆறேழு முறையாவது கேட்சர் கைக்கே அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். அது இன்னும் வரவில்லையா, இதை அப்படியே வைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

பெண்கள் ஆட்டத்தில் பிட்சர் நின்று போடும் பிட்சர் பிளேட்டுக்கும் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் நடுவே 13.11 மீட்டர், சிறுவயதுப் பிரிவுகளில் இன்னும் குறைவு. பிட்சர் காலை எட்டி வைத்துப் பந்தை விடுவதால், பந்து காற்றில் போகும் தூரம் சுமார் 11 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 72 கி.மீ. வேகப் பந்து இதைக் கடக்க 0.55 நொடி ஆகும். அதே கைவீச்சில் 56 கி.மீ. பந்து வந்தால் 0.71 நொடி. வித்தியாசம் வெறும் 0.16 நொடிதான், ஆனால் பந்து வந்து சேர்வதற்குள் பேட் பிளேட்டைத் தாண்டிப் போய்விட அதுவே போதும்.

பேட்டர் ஏன் ஏமாறுகிறாள்? பந்து கையை விட்டு வரும் முன்பே, சுழலும் கையின் வேகத்தைப் பார்த்து இவ்வளவு சீக்கிரம் வரும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுவிடுகிறாள். ஆகவே பந்துதான் மெதுவாகப் போக வேண்டும், கை மெதுவாகச் சுற்றவே கூடாது. கீழே சொல்லப்போகிற அத்தனையும் இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான்.

படி 1: பிடி

ஃபாஸ்ட்பாலை விரல் நுனியால், தையல்மேல் பிடிக்கிறீர்கள். சேஞ்ச்-அப்பில் அதே பந்தை உள்ளங்கைக்குள் தள்ளி, நான்கு விரலையும் விரித்துச் சுற்றிப் போட்டு, நுனிகளைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். விரல் நுனியில் பிடி இருந்தால் பந்து சுழன்று வேகமெடுக்கும், அதைத்தான் இங்கே கெடுக்கிறோம். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கி முட்டியால் பந்தை அழுத்தும் பிடியும் உண்டு, கையின் பின்புறத்தை முன்னால் காட்டிப் புரட்டிவிடும் வகையும் உண்டு. பன்னிரண்டு அங்குலச் சுற்றளவுள்ள பந்தை முழுசாகப் பிடிக்கவே சிரமப்படும் சின்னக் கைகளுக்கு உள்ளங்கைப் பிடிதான் சரி, மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மத்தியான மழை கொட்டி ஓய்ந்த திடலில் பந்து ஈரமாக இருந்தால் இந்தப் பிடி வழுக்கி, பந்து உயரே போய்விடும். ஒரு துண்டு கையோடு இருக்கட்டும்.

படி 2: மணிக்கட்டு

இதைத் தனியாகப் பழக வேண்டும். வலைக்கோ சுவருக்கோ நான்கைந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். கையை முழுசாகச் சுற்றாமல், பின்னாலிருந்து இடுப்பைத் தாண்டி முன்னால் கொண்டுவந்து விடுங்கள். ஃபாஸ்ட்பாலில் கடைசியில் மணிக்கட்டைச் சொடுக்குவீர்கள் அல்லவா, இங்கே சொடுக்கு கிடையாது. மணிக்கட்டு விறைப்பாக, உள்ளங்கை கேட்சரைப் பார்த்தபடி, சாப்பாட்டுத் தட்டை மேசைமேல் எதிரே இருப்பவரிடம் தள்ளிவிடுவதுபோல முன்னால் தள்ள வேண்டும். தள்ளி முடித்த கை தாழ்ந்தே நிற்கட்டும். தோளுக்கு மேலே போனால் பந்தும் கூடவே ஏறும், மார்பு உயரத்தில் மிதந்து வரும் மெதுவான பந்தை எந்தப் பிள்ளையும் விடமாட்டாள்.

சரியாக விட்டால் பந்து அதிகம் சுழலாமல் போகும், தையல் கோடுகள் கண்ணுக்குத் தெரியும். வீட்டில் இடமில்லை என்றால் காலுறையைச் சுருட்டி உருண்டையாக்கிச் சுவரில் போட்டுப் பழகலாம், ஜன்னலுக்கும் ஆபத்தில்லை, அம்மா வாயிலும் விழ வேண்டியதில்லை.

படி 3: முழுச் சுற்று, முழு வேகம்

இப்போது பிட்சர் பிளேட்டில் நின்று முழுசாகப் போடுங்கள். எட்டு வைக்கும் தூரம், பின்கால் இழுபடும் விதம், கை சுற்றும் வேகம் எல்லாம் ஃபாஸ்ட்பாலுக்கு எப்படியோ அப்படியே. ஏறக்குறைய எல்லாருமே இங்கேதான் தடுமாறுவார்கள். மெதுவான பந்து என்று மனம் நினைத்தவுடன் கால் சுருங்கும், கை பாதிச் சுற்றில் தயங்கும், உடம்பு முன்னாலேயே நிமிர்ந்துவிடும். "கைய நிறுத்தாதம்மா, பந்து எங்க வேணா போகட்டும்" என்று கோச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் சில வாரம் பந்து தரையில் குத்தும், கேட்சர் தலைக்கு மேல் பறக்கும். விடுங்கள். இலக்கு மெல்ல மெல்ல வந்துவிடும், தயங்கிப் பழகிய கையைத் திருப்புவதுதான் பெரும்பாடு.

படி 4: சோதித்துப் பாருங்கள்

வேகம் அளக்கும் கருவி தேவையில்லை, கைப்பேசி போதும். பக்கவாட்டில் நின்று வீடியோ எடுத்து, பந்து கையை விட்டதிலிருந்து கேட்சர் கையில் விழும் வரை எத்தனை பிரேம் என்று ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணுங்கள். நொடிக்கு 30 பிரேம் என்றால், மேலே சொன்ன வேகங்களுக்கு ஃபாஸ்ட்பால் பதினாறு பதினேழு, சேஞ்ச்-அப் இருபத்தொன்று வரும். வித்தியாசம் ஒன்றிரண்டு பிரேம்தான் என்றால் அது வேகம் குறைந்த ஃபாஸ்ட்பால், பேட்டருக்கு வசதி. பத்து பிரேம் என்றால் பந்து மேலே ஏறி வளைந்து இறங்குகிறது, பேட்டர் காத்திருந்து அடிப்பாள்.

இன்னொரு சோதனை: அணியில் ஒருத்தியை பேட்டர் பெட்டியில் நிற்கவைத்து, பந்து கையை விட்டதுமே வேகமா மெதுவா என்று கத்தச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறாள் என்றால் கை காட்டிக்கொடுக்கிறது.

படி 5: சிக்னல்

ஒரு விரல் ஃபாஸ்ட்பால், நான்கு விரலை ஆட்டினால் சேஞ்ச்-அப். இப்போதைக்கு இது போதும். கேட்சர் தொடைகளுக்கு நடுவே காட்ட வேண்டும், இடது முட்டிக்கு முன்னால் குளோவை வைத்து மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது பேஸ் பக்கம் நிற்கும் எதிரணி கோச் பார்த்துவிடுவார். பிட்சர் பிளேட்டில் நின்று, கைகள் பிரிந்திருக்கும் நிலையில் சிக்னலை வாங்கி, அப்புறம் கைகளைச் சேர்த்து குளோவுக்குள்ளேயே பிடியை மாற்ற வேண்டும்.

பென்ச்சிலிருந்து "மெதுவா போடு டீ!" என்று கத்தும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஊர்ப்பக்கம் எதிரணியிலும் பாதிப் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகள்.

படி 6: யாருக்குக் கேட்பது

கேட்சர் நன்றாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. ஃபாஸ்ட்பாலுக்கே தாமதமாக வீசுகிறவளிடம் சேஞ்ச்-அப் கேட்காதீர்கள். வலக்கை பேட்டர் அடித்த ஃபவுல் (ஆட்டக் கோட்டுக்கு வெளியே போகும் அடி) முதல் பேஸ் பக்கம் போகிறதா, அவள் தாமதம். அவளுக்கு வேகத்தையே கொடுத்துக்கொண்டிருங்கள், மெதுவான பந்து போட்டால் அவளுக்காக நீங்களே காத்திருந்த மாதிரி ஆகும். வரிசையில் எட்டாவது ஒன்பதாவதாக வரும் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த ரகம்.

ஃபவுல் மூன்றாவது பேஸ் பக்கம் பறந்தால் அவள் முந்திக்கொண்டிருக்கிறாள். நேராகப் பின்னால் போனால் நேரம் பிடிபட்டுவிட்டது, மயிரிழையில்தான் தப்பியிருக்கிறோம். இந்த இருவருக்கும் அடுத்ததே சேஞ்ச்-அப். முன்காலை அவசரமாக ஊன்றுகிறவள், எப்போதும் முதல் பந்துக்கே வீசுகிறவள், ஓடிக்கொண்டே தட்டிவிடும் இடக்கை பேட்டர், இவர்களுக்கும் நன்றாகக் கைகொடுக்கும்.

எண்ணிக்கையைப் பார்த்தால் ஒரு பால் (இலக்குக்கு வெளியே போய், பேட்டர் வீசாமல் விட்ட பந்து) இரண்டு ஸ்ட்ரைக் (பேட்டருக்கு எதிராக எண்ணப்படும் பந்து) நல்ல நேரம், தவறிப் போனாலும் நஷ்டமில்லை. மூன்று பால் ஆகிவிட்டால், பழகாத பிட்சரிடம் கேட்பது அவளை வதைப்பது. இடம் எப்போதும் முழங்கால் உயரம், முடிந்தால் வெளிப்பக்கம். அடுத்த பந்தை உள்பக்கமாக, கொஞ்சம் உயரமாக வேகத்தில் கேட்டால் அது இருப்பதைவிட வேகமாகத் தெரியும். மொத்தத்தில் பத்துக்கு இரண்டு போதும், ஆனால் ஐந்துக்கு ஒன்று என்று முறை வைத்துப் போட்டால் எதிரணியும் எண்ணத் தெரிந்தவர்கள்தான்.

படி 7: பேஸில் ஆள் இருக்கும்போது

பந்து கையை விட்ட பிறகுதான் ரன்னர் பேஸை விட்டு நகரலாம். அந்த 0.16 நொடியில் வேகமாக ஓடும் பிள்ளை ஒரு மீட்டர் கூடுதலாகப் போய்விடுவாள், அதனால் முதல் பேஸில் அடுத்த பேஸைத் திருட ஓடுகிறவள் நின்றால் யோசித்துக் கேளுங்கள். மூன்றாவது பேஸில் ஆள் இருந்து, கேட்சருக்குத் தரையில் குத்தும் பந்தை உடம்பால் தடுக்க வராது என்றால் கேட்கவே வேண்டாம்.

அதேபோல இரண்டு ஸ்ட்ரைக்கில் பேட்டர் ஏமாந்து வீசி, பந்து தரையில் பட்டு வந்தால் உடனே எழுந்து குதிக்காதீர்கள். முதல் பேஸ் காலியாக இருந்தாலோ, ஏற்கெனவே இரண்டு அவுட் ஆகியிருந்தாலோ அவள் முதல் பேஸுக்கு ஓடலாம். பந்தை எடுத்து அவளைத் தொடுங்கள், இல்லையென்றால் முதல் பேஸுக்கு எறியுங்கள். இந்த விதி உங்கள் வயதுப் பிரிவில் அமலில் இருக்கிறதா என்று ஆட்டத்துக்கு முன்பே அம்பயரிடம் கேட்டுவிடுங்கள்.