வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்கு: நாளாந்தப் பழக்கம் அமைக்கும் முறை

எனக்கு வீடு களுவாஞ்சிக்குடியில், பாடசாலை மட்டக்களப்புக் களப்பின் மேற்குக் கரையான படுவான்கரையில். குருமண்வெளித் துறையில் பாதை (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் களப்பைக் கடக்கும் மிதவை) ஏறி மண்டூருக்குப் போய்ப் படிப்பிக்கிறேன். சமையல், பிள்ளைகள், பின்னேர வகுப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் போட்டிப் பரீட்சை ஒன்றுக்கும் படிக்கிறேன். "எப்படி டீச்சர் நேரம் கிடைக்குது?" என்று புதிதாக நியமனம் பெற்று வந்த தங்கச்சிமார் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் தவறாமல் செய்கிற வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். பல் தீட்டுவது, தேத்தண்ணி ஊற்றுவது, பிள்ளையைப் பாடசாலையில் விடுவது, துறையில் காத்து நிற்பது. புதுப் பழக்கத்தை இவற்றில் ஒன்றின் பின்னால் கட்டிவிடுங்கள். "காலையில் படிப்பேன்" என்று நினைத்தால் "மறுகா பார்ப்பம்" என்று போய்விடும். "தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்ததும் கொப்பியைத் திறப்பேன்" என்று முடிவெடுத்தால் கை தானாகப் போகும். எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே தீர்மானித்தவர்கள் நினைத்ததைச் செய்து முடிப்பது கூடுதல் என்று ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதினார்.

என்னுடைய கட்டு பாதையில் இருக்கிறது. மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டில் போட்டு ஹெல்மெட்டைக் கழற்றியதும் கைப்பையிலிருந்து அட்டைகளை எடுப்பேன். பழைய நாட்காட்டி மட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டிச் செய்தவை. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. 'தாபன விதிக்கோவையில் (அரச ஊழியருக்கான விதிகளின் தொகுப்பு) விடுமுறை எந்த அத்தியாயம்?' திருப்பினால் '12'. விடையை வாய்க்குள் சொல்லாமல் அட்டையைத் திருப்பக் கூடாது, அதில் நான் கடுமை. திரும்பத் திரும்ப வாசிப்பதைவிடத் தன்னைத்தானே சோதிப்பது ஒரு வாரம் கழித்தும் நினைவில் நிற்கும் என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் பரிசோதித்துக் காட்டினார்கள். களப்பைக் கடக்கிற அந்தக் கொஞ்ச நேரம் இதற்குத் தாராளம்.

அடுத்தது முந்திய இரவு. படுக்கமுன் சீ.ஆர். கொப்பியில் ஒரேயொரு வரி எழுதுங்கள்: நாளைக்கு எந்தப் பாடம், எந்தப் பக்கம். கொப்பியைத் திறந்தபடியே மேசையில் வையுங்கள், பேனை அதன்மேல். போன் குசினியில் சார்ஜ் ஆகட்டும். காலையில் 'எதைப் படிக்கலாம்' என்று யோசிக்கத் தொடங்கினால் பாதி நேரம் அதிலேயே போய்விடும்.

நித்திரையைக் குறைத்துப் படிக்காதீர்கள். வளர்ந்தவர்களுக்கு 7 மணித்தியாலமாவது வேண்டும். 4.30க்கு எழும்ப விரும்புகிறவர் 9.30க்குள் படுத்திருக்க வேண்டும். அது ஏலாத வீட்டில் 5.30க்கு எழும்புவதுதான் சரி. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளை இரவு 1 மணிவரை இருத்தி வைத்துவிட்டு விடிய எழுப்புகிற பெற்றோரைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும். பகலில் படித்தது மூளையில் பதிவதே நித்திரையில்தான். தேத்தண்ணியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே 5 மணித்தியாலம் அளவில் எடுக்கும், ஆகவே பின்னேரம் 3 மணிக்குப் பிறகு வேண்டாம். கச்சான் வீசுகிற மாதங்களில் தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு, சூடேறி நம் பக்கம் இறங்கும். இரவிலும் சுவர் சுடும். அப்போது படுக்கமுன் ஒரு குளிப்பு, விறாந்தையில் பாய்.

மாரிக்கு முன்பே இன்னொன்று செய்து வைக்க வேண்டும். ஒவ்வொரு பழக்கத்துக்கும் ஒரு சின்ன அளவு. என் வழமையான அளவு ஒரு வினாவை முழுதாக எழுதுவது. வெள்ளம் ஏறி, கரண்ட் போய், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வருகிற நாளில் மூன்று அட்டைகள் மட்டும். அதையும் செய்ததாகவே நாட்காட்டியில் சரி போடுவேன். லண்டன் யூனிவர்சிட்டி கொலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு வரவில்லை. ஆகவே ஒரு மாதத்தில் பழகவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

ஒரே நேரத்தில் ஒரு பழக்கம் போதும். நடைப்பயிற்சி, சேமிப்புக் கணக்கு எல்லாம் முதலாவது ஊன்றிய பிறகு.

பாடசாலை விடுமுறையில் கவனம். துறைக்குப் போகாத நாளில் பாதையில் கட்டிய பழக்கமும் நின்றுவிடும். விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமையே வேறு இடத்தில் கட்டிக்கொள்ளுங்கள். நான் அட்டைகளை முன்வாசல் யன்னலில் வைத்துவிடுவேன். முற்றம் கூட்டி விளக்குமாற்றைச் சாத்தியதும் எடுக்க வசதி.