காகிதமும் பென்சிலும் போதும்: உளவாளிகளின் ஒருமுறைச் சாவியைத் தமிழில் செய்து, பிறகு உடைத்துப் பார்ப்போம்

1943 பிப்ரவரி 1. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பெண்கள் கல்லூரி ஒன்றை ராணுவம் எடுத்துக்கொண்டு, அதன் கட்டடங்களில் சங்கேதப் பிரிவை நடத்திக்கொண்டிருந்தது. ஆர்லிங்டன் ஹால் என்று பெயர். அன்று அங்கே ஜீன் கிரபீல் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியை ஒரு புதிய வேலையைத் தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து மாஸ்கோவுக்குத் தந்தி வழியே போன சோவியத் செய்திகளின் நகல்கள் அவர் முன்னால் குவிந்து கிடந்தன. எல்லாம் ஐந்தைந்தாகப் பிரித்த, அர்த்தமே புரியாத கொத்துகள். வெனோனா என்று பிற்பாடு பெயர்பெற்ற அந்த வேலை 1980 வரை நடந்தது. சுமார் 3,000 செய்திகள் முழுதாகவோ அரைகுறையாகவோ படிக்கப்பட்டன.

இதில் வியப்பு என்னவென்றால், சோவியத் உளவுத்துறை பயன்படுத்திய ஒன் டைம் பேட் என்ற ஒருமுறைச் சாவி, முறையாகக் கையாண்டால் எவராலும் உடைக்க முடியாதது. கணக்கோ நான்காம் வகுப்புப் பிள்ளை போடக்கூடியது. அப்படியிருந்தும் எப்படி உடைந்தது? அதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடக் கையால் செய்து பார்த்தால் நன்றாக மனதில் பதியும். ஒரு நோட்டு, ஒரு பென்சில், பத்துத் துண்டுச் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எழுத்துகளுக்கு எண்

தமிழுக்கு 247 எண் தேவையில்லை. உயிர்மெய்யை மெய்யாகவும் உயிராகவும் பிரித்துவிட்டால் வேலை சுருங்கிவிடும்.

உயிர்: அ 01, ஆ 02, இ 03, ஈ 04, உ 05, ஊ 06, எ 07, ஏ 08, ஐ 09, ஒ 10, ஓ 11, ஔ 12. ஆய்தம் 13.

மெய்: க் 21, ங் 22, ச் 23, ஞ் 24, ட் 25, ண் 26, த் 27, ந் 28, ப் 29, ம் 30, ய் 31, ர் 32, ல் 33, வ் 34, ழ் 35, ள் 36, ற் 37, ன் 38.

கிரந்தம்: ஜ் 41, ஸ் 42, ஷ் 43, ஹ் 44. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி 00.

இந்த அட்டவணை ரகசியம் இல்லை. எதிரி கையில் கிடைத்தாலும் கவலைப்பட வேண்டாம்.

படி 2: செய்தியை எண்ணாக்குதல்

நம் செய்தி: நாளை பாலம்.

பிரித்தால் ந் ஆ ள் ஐ, இடைவெளி, ப் ஆ ல் அ ம். எண்களாக 28 02 36 09 00 29 02 33 01 30. சொல்லின் நீளம் வெளியே தெரியாமலிருக்க ஐந்தைந்தாக மாற்றி எழுதுங்கள்:

28023 60900 29023 30130

சோவியத் ஆட்கள் எழுத்து எழுத்தாக மாற்றவில்லை. சொற்களுக்கும் சொற்றொடர்களுக்கும் நான்கிலக்க எண் தரும் சங்கேத அகராதி ஒன்றை வைத்திருந்தார்கள். அதில் இல்லாத பெயர்களை மட்டும் எழுத்துக்கூட்டி அனுப்பினார்கள். அதற்கும் முன்பாகப் புனைபெயர்கள் வேறு. நியூயார்க் நகரம் அவர்களுக்கு டைர், வாஷிங்டன் கார்த்தேஜ் (இரண்டும் பழங்கால நகரங்களின் பெயர்கள்), அமெரிக்க அணுகுண்டுத் திட்டம் எனார்மஸ்.

படி 3: சாவி தயாரித்தல்

மொத்த ரகசியமும் இருக்குமிடம் இதுதான், அவசரப்பட வேண்டாம். 0 முதல் 9 வரை பத்துச் சீட்டில் எழுதி ஒரே மாதிரி மடித்து டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். ஒன்றை எடுங்கள், எண்ணைக் குறியுங்கள், மறுபடி உள்ளே போடுங்கள், மறுபடி குலுக்குங்கள். திரும்பப் போடாமல் எடுத்துக்கொண்டே போனால், பத்தாவது எண் எதுவென்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மனதில் தோன்றும் எண்களை எழுதிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கூடவே கூடாது. நம் மனம் ஒரே எண்ணை அடுத்தடுத்து எழுதத் தயங்கும், பிறந்த வருடத்தையும் வண்டி நம்பரையும் தன்னையறியாமல் உள்ளே நுழைக்கும். இரண்டு பகடைகளை உருட்டிக் கூட்டி எழுதுவதும் தப்பு: 7 ஆறு வழிகளில் விழும், 2 ஒரே வழியில்தான் விழும். எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு இருந்தால்தான் அது சாவி.

எனக்குக் குலுக்கலில் வந்தவை: 57391 46285 91748 28509. இதை இரண்டு தாளில் எழுதுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று நண்பருக்கு. மூன்றாவது பிரதி இருக்கவே கூடாது.

நண்பருக்கு நேரில்தான் கொடுக்க வேண்டும். இந்த முறையின் பெரிய சங்கடமே இதுதான். வல்லரசுகளும் இதற்குக் குறுக்குவழி கண்டுபிடிக்கவில்லை. 1963 ஆகஸ்ட் 30 அன்று வாஷிங்டனையும் மாஸ்கோவையும் இணைத்து ஹாட்லைன் திறந்தார்கள். சினிமாவில் காட்டும் சிவப்புத் தொலைபேசி அல்ல, டெலிபிரிண்டர்: இங்கே தட்டச்சு செய்தால் அங்கே அச்சாகும் கருவி. அதில் ஓடியதும் ஒருமுறைச் சாவிதான். ஒவ்வொரு நாடும் தன் சாவி நாடாவைத் தானே தயாரித்து, எதிர்நாட்டிலிருந்த தன் தூதரகம் மூலம் கையில் கொண்டுபோய்க் கொடுத்தது. ஒன்றையொன்று துளியும் நம்பாத இரண்டு அரசுகள், தங்கள் சொந்தச் சங்கேத நுட்பம் எதையும் காட்டிக்கொடுக்காமல் பேசிக்கொள்ள இது வழிசெய்தது.

படி 4: கூட்டுதல்

செய்தி எண்ணுக்குக் கீழே சாவி எண்ணை எழுதி இலக்கம் இலக்கமாகக் கூட்டுங்கள். மீதி எடுத்துச் செல்லக் கூடாது. 15 வந்தால் 5 மட்டும்.

செய்தி: 28023 60900 29023 30130
சாவி: 57391 46285 91748 28509
அனுப்புவது: 75314 06185 10761 58639

கடைசி வரிசையை ஊர் பார்க்க அனுப்பலாம்.

படி 5: பிரித்துப் படித்தல்

நண்பர் அதே சாவியைக் கழிப்பார். கழிக்க முடியாவிட்டால் மேலெண்ணோடு 10 சேர்த்துக்கொள்வார்: 5-லிருந்து 7 போகாது, 15-லிருந்து 7 போனால் 8. மீண்டும் 28023 கிடைக்கும்.

எதிரி எல்லாச் சாவிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால்? பார்க்கட்டும். 56302 46055 என்ற சாவியை முதல் இரண்டு கொத்திலிருந்து கழித்துப் பாருங்கள்: 29012 60130, அதாவது ‘பணம்’. இன்னொரு சாவி போட்டால் இன்னொரு சொல். அந்த நீளத்துக்குள் அடங்கும் எந்தச் செய்தியையும் வரவழைக்க ஒரு சாவி இருக்கும். எது உண்மையானது என்று சொல்ல எந்தத் தடயமும் இருக்காது. எவ்வளவு பெரிய கணினி வைத்திருந்தாலும் இதுதான் நிலை. அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1949-ல் வெளியிட்ட கட்டுரையில் இதைக் கணிதமாகவே நிறுவியிருக்கிறார்.

படி 6: அழித்தல்

படித்ததும் சாவித் தாளைக் கொளுத்திவிடுங்கள். இரண்டு பேருமே. 1961 ஜனவரியில் லண்டனில் பிடிபட்ட சோவியத் உளவாளி கார்டன் லான்ஸ்டேல், மேசை லைட்டர் ஒன்றின் அடிப்பகுதிக்குள் இந்தச் சாவித் தாள்களை ஒளித்து வைத்திருந்தார். நீதிமன்றத்தில் அவையும் சாட்சியமாயின.

படி 7: இப்போது உடைப்போம்

அதே சாவியால் இன்னொரு செய்தியும் அனுப்பிவிட்டோம் என்று வையுங்கள். செய்தி ‘பணம்’: 29012 60130. சாவி 57391 46285 கூட்டினால் 76303 06315.

எதிரியிடம் இருப்பவை 75314 06185, 76303 06315 இரண்டும்தான். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்கிறார்: 09011 00870. கவனியுங்கள், இரண்டிலும் இருந்த சாவி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமலே போய்விட்டது. மிஞ்சியது இரண்டு செய்திகளுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்.

உளவாளிகள் எதைப் பற்றி எழுதுவார்கள்? பணம் கேட்டிருக்கலாம் என்று ஊகிக்கிறார். ‘பணம்’ என்பதன் எண்களை வித்தியாசத்தோடு கூட்டுகிறார்: 28023 60900. அட்டவணையில் பார்த்தால் 28 02 36 09 00, அதாவது ‘நாளை’. தவறான ஊகமாக இருந்தால் குப்பைதான் வந்திருக்கும். அர்த்தமுள்ள சொல் வந்ததே ஊகம் சரி என்பதற்குச் சான்று.

மாஸ்கோவில் நடந்ததும் இதுதான். 1942-ன் தொடக்கத்தில் ஜெர்மன் படை நெருக்கிக்கொண்டிருந்தது, சாவிகளின் தேவை எகிறியது. சுமார் 35,000 பக்கங்களை இரட்டைப் பிரதியாக அச்சிட்டு வெவ்வேறு புத்தகங்களில் தைத்துவிட்டார்கள். வணிகக் குழு பயன்படுத்திய பக்கத்தை உளவுப் பிரிவும் பயன்படுத்த நேர்ந்தது. 1943-ல் ரிச்சர்ட் ஹாலக் என்ற லெப்டினன்ட், வணிகச் செய்திகளை அலசியபோது சாவி திரும்பி வருவதைக் கண்டுபிடித்தார்.

அதன் பிறகும் வேலை மலைபோல இருந்தது. சாவி நீங்கினாலும் உள்ளே சங்கேத அகராதி இருந்ததல்லவா? மெரிடித் கார்ட்னர் என்ற மொழியறிஞர் அந்த அகராதியைச் சொல் சொல்லாக மீட்டெடுத்தார். 1946 டிசம்பரில் அவர் படித்த 1944-ம் வருடச் செய்தி ஒன்றில், அணுகுண்டுத் திட்டத்தில் இருந்த விஞ்ஞானிகளின் பெயர்ப் பட்டியல் இருந்தது. 1949-ல் இந்த வழியாகவே கிளாஸ் ஃபுக்ஸ் என்ற இயற்பியலாளர் மீது சந்தேகம் விழுந்தது. அவர் 1950-ல் ஒப்புக்கொண்டு 14 ஆண்டு தண்டனை பெற்றார். அதற்குள், 1949 ஆகஸ்ட் 29 அன்று, சோவியத் தன் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்துவிட்டது.

புனைபெயர்களும் காப்பாற்றவில்லை. ‘லிபரல்’ யாரென்று தேடிக்கொண்டிருந்தார்கள். 1944 நவம்பர் 27 தேதியிட்ட செய்தி, லிபரலின் மனைவி பெயர் எத்தல், வயது 29, மணமாகி ஐந்து ஆண்டு என்று சொல்லிவிட்டது. லிபரல் என்பது ஜூலியஸ் ரோசன்பர்க். உளவுச் சதி வழக்கில் தண்டனை பெற்ற ஜூலியஸ், எத்தல் ரோசன்பர்க் தம்பதி 1953 ஜூன் 19 அன்று மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார்கள். வழக்கில் வெனோனா பற்றி ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை. அது பொதுமக்களுக்குத் தெரிந்தது 1995-ல். எத்தலின் குற்றம் மரணத்துக்கு உரியதா என்று இன்றும் கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன். கணவருடைய வேலை அவருக்குத் தெரியும் என்று அந்தச் செய்தி சொன்னது. அவர் வேலை செய்யவில்லை என்றும் அதே செய்திதான் சொன்னது.

சோவியத்துக்கு விஷயம் எட்டாமல் இல்லை. ஆர்லிங்டன் ஹாலிலேயே பணியாற்றிய வில்லியம் வைஸ்பாண்ட் சொன்னார். 1949-ல் பிரிட்டிஷ் உளவுத்துறையின் பிரதிநிதியாக வாஷிங்டன் வந்த கிம் ஃபில்பியும் சொன்னார். சாவிகளை மாற்றலாம், ஆட்களை எச்சரிக்கலாம். ஆனால் போரின்போது அனுப்பிய தந்திகளின் நகல்கள் ஏற்கெனவே அமெரிக்கர்களின் அலமாரியில் இருந்தன. அவற்றைத் திரும்ப வாங்க வழியே இல்லை.

பயிற்சி

கீழே உள்ள இரண்டும் ஒரே சாவியால் அனுப்பியவை. சாவியை நான் தரப்போவதில்லை.

முதல் செய்தி: 91961 42649
இரண்டாம் செய்தி: 66207 33933

முதல் செய்தி ‘மாஸ்கோ’ என்று ஊகித்துத் தொடங்குங்கள். இம்முறை இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துவிட்டு, வருவதோடு ‘மாஸ்கோ’வின் எண்களைக் கூட்டினால் இரண்டாம் செய்தி வந்துவிடும். மூன்றெழுத்துச் சொல். அதைக் கண்டுபிடித்தபின், அந்தச் சாவி என்ன என்பதையும் எழுதிப் பாருங்கள்.